கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லையா?



ஊழியத்திற்கென்று வாங்கின வண்டி என்னாச்சு என்று உங்களில் பலர் என்னிடம் நேரில் கேட்டீர்கள். சிலர் என்னிடம் கேட்காமல் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். ஆராதனை முடிந்து ஒருநாள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆனாலும் அன்றைக்கு வராதவர்கள் உண்டு, வந்தும் பாதியில் பஸ்ஸுக்கு எழுந்து போனவர்கள் உண்டு. கணக்கு மட்டும் சொல்லிவிட்டால் போதாது, அதற்குள் இருந்த கேள்வியையும் எழுத வேண்டும் என்று ஆவியானவர் பாரம் தந்தபடியால் எழுதுகிறேன். என் தப்பும் இதில் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

2023 ஜூன் மாதம் அந்த வண்டியை வாங்கினோம். ஒன்பது பேர் உட்காரலாம், டீசல். விலை 2,65,000 ரூபாய். அதில் 41,000 ரூபாய் நம் சகோதரிகள் கைப்பிடி அரிசி எடுத்து வைத்துச் சேர்த்த பணம். மீதி கட்டட நிதியிலிருந்தும் ஒரு சகோதரர் கொடுத்த கைமாற்றிலிருந்தும் வந்தது. குமுளி தாண்டி வண்டிப்பெரியார் பக்கம் தேயிலைத் தோட்ட லயங்களுக்கு மாதம் இரண்டு தடவை ஜெபக் கூட்டத்திற்குப் போகிறோமே, அதற்காகத்தான்.

வாங்கியது ஒரு கார் கன்சல்டிங்கில். எந்த ஊர், யார் என்று எழுதப் போவதில்லை. கடைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு நேரே பெரிய எழுத்தில் ஒரு வேத வசனம் மாட்டியிருந்தது. "வாங்க பாஸ்டர், உட்காருங்க பாஸ்டர்" என்று அந்தச் சகோதரர் நாற்காலி போட்டார். "ஊழியத்துக்குன்னா நான் லாபம் பாக்க மாட்டேன்" என்றார். வண்டி பளபளவென்று இருந்தது. மீட்டரில் 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. என்னோடு வந்த கமிட்டி அண்ணன் ஒருவர், "நம்ம கம்பம் மெக்கானிக்கக் கூட்டியாந்து ஒருதரம் பாத்துருவமா?" என்றார். நான்தான், "விசுவாசிக்கிட்ட வாங்குறோம், சந்தேகப்பட்டா நல்லாருக்காது" என்று தடுத்துவிட்டேன். "வண்டி இருக்கிற நிலையில் பார்த்துத் திருப்தியாகி வாங்கிக்கொண்டேன்" என்று அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன். வாசித்துத்தான் போட்டேன்.

யோசுவா 9-ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் வந்த கதை நமக்குத் தெரியும். பழைய பை, கிழிந்து தைத்த துருத்தி, ஒட்டுப்போட்ட செருப்பு, பூசணம் பிடித்த அப்பம். பக்கத்து ஊர்க்காரர்கள், தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி வேஷம் போட்டார்கள். இஸ்ரவேலின் பெரியவர்கள் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரிடத்தில் விசாரிக்கவில்லை. மூன்று நாளில் விஷயம் வெளியே வந்தது. அங்கே புதியதைப் பழையதாகக் காட்டினார்கள், எனக்குப் பழையதைப் புதியதாகக் காட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அவர்கள் அப்பத்தையாவது கையில் எடுத்துப் பார்த்தார்கள். நான் பார்த்தது சுவரில் இருந்த வசனத்தை.

எனக்கு மூன்று நாள் அல்ல, இரண்டு மாதம் ஆனது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். இடது முன் டயர் உள்பக்கமாக மட்டும் தேய்ந்துபோயிற்று. அலைன்மென்ட் பார்த்தோம், நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கம்பம் மெக்கானிக்கிடமே கொண்டுபோனோம். அவர் அடியில் படுத்து, கறுப்பு பெயிண்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். சேஸ் மேல் வெல்டிங் தழும்பு நீளமாகத் தெரிந்தது.

"மொகரையில பலமா அடி வாங்குன வண்டி பாஸ்டர். வெட்டி ஒட்டியிருக்கான். பெடல் ரப்பரப் பாருங்க, எம்பதாயிரத்துக்கு இப்படி வழவழன்னு தேயுமா? மீட்டரத் திருப்பி வச்சிருக்கான். மலையில ஆள் ஏத்திக்கிட்டு இதுல போகாதீங்க. என்னைக்கோ ஒருநாள் ஒடஞ்சு ஒக்காந்துரும்."

சரி பண்ணலாமா என்று கேட்டேன். பண்ணலாம், ஆனால் நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். இந்த மனுஷன் ஆலயத்துக்கு வருகிறவர் அல்ல. வேலை பார்க்கவில்லை என்று சொல்லி என்னிடம் காசும் வாங்கவில்லை.

மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன முறைப்படி முதலில் தனியாகப் போனேன், அப்புறம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கன்சல்டிங் சகோதரர் கோபப்படவில்லை. "நான் ஏதாச்சும் பொய் சொன்னேனா பாஸ்டர்? அடிபட்ட வண்டியான்னு நீங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

இரவெல்லாம் இந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. நான் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. மீட்டர் விஷயம் வேறே, அது பொய்தான். ஆனால் அதை யார் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் கைக்கு வருமுன்னே திருப்பியிருக்கலாம். வாய் திறந்து சொன்ன பொய் என்று ஒன்றும் இல்லை. அப்படியானால் பாவம் எங்கே இருக்கிறது?

உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு சகோதரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாஸ்டர், இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுச் சட்டத்துலயே குதிரை வச்சுப் பதில் எழுதியிருக்கு" என்று ஒரு புத்தகத்தை எடுத்தார். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவு. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு அது. அதில் பொதுவாக, சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்கிறது. உதாரணம் காட்டுகிறது: ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குக் குறை உண்டு என்று அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. இது மோசடி அல்ல.

நான் அதிர்ந்துபோனேன். அப்படியானால் கன்சல்டிங்காரர் ஜெயித்துவிட்டார் அல்லவா? "அவசரப்படாதீங்க, அடுத்த வரியப் பாருங்க" என்றார் வக்கீல். அதே குதிரை, அதே குறை. ஆனால் வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். இங்கே அந்த உறவின் நிமித்தம், குறையைச் சொல்வது தகப்பனுடைய கடமை ஆகிவிடுகிறது. அதற்கும் அடுத்த உதாரணத்தில் வாங்குகிறவன் சொல்கிறான்: நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே நான் எடுத்துக்கொள்வேன். விற்கிறவன் சும்மா இருக்கிறான். அங்கே அவனுடைய மௌனம், பேசினதற்குச் சமம்.

சபையாரே, நான் பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்தவன், சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் மகள் என்ற அந்த ஒரு வார்த்தையில் என் மனம் நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதின அந்தச் சட்டமே, அந்நியனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்று பிரிக்கிறது. அந்நியனிடம் சும்மா இருக்கலாம், மகளிடம் இருக்கக் கூடாது. நாம் ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்த உடனே ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறோம்? பிரதர், சிஸ்டர். அந்தக் கடைக்காரர் என்னைச் சகோதரன் என்று கூப்பிட்ட நிமிஷத்தில், ஏலம் விடுகிறவனுக்கு இருக்கிற சலுகையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார். உறவைச் சொல்லி நாற்காலி போடுவதும், குறை என்று வரும்போது மட்டும் அந்நியனாக மாறுவதும் எப்படிச் சரியாகும்?

ஏலம் என்றதும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகத்திற்கு வந்தது. ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் மூழ்கின. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுத்துவிட்டு அந்த வண்டிகளை ஏலத்தில் விற்றன. ஏலம் எடுத்த எல்லாருக்கும் அது வெள்ளத்தில் முங்கின வண்டி என்று தெரியும், அதற்கேற்ற விலைதான். அதுவரைக்கும் யாரும் ஏமாறவில்லை. பிறகு கழுவி, சீட் மாற்றி, வாசனை அடித்து, வேறு ஊர்களுக்குப் பல வண்டிகள் போயின. இரண்டாவது கையிலோ மூன்றாவது கையிலோ எங்கேயோ ஓரிடத்தில் ஒருவர் சும்மா இருந்துவிட்டார். வண்டியின் குறை தண்ணீரில் வந்தது. மனுஷனுடைய குற்றம் அந்தச் சும்மா இருந்த இடத்தில் ஆரம்பித்தது.

நம் சபையில் பொருளாதாரம் படிக்கிற தம்பி ஒருவன் இதைக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னான். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-இல் பழைய கார் வியாபாரத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதினாராம். அதற்காக 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. குறை உள்ள காரை அந்த ஊரில் எலுமிச்சம்பழம் என்பார்களாம். எது நல்ல வண்டி, எது எலுமிச்சம்பழம் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான விலைதான் தருவான். நல்ல வண்டி வைத்திருக்கிறவன் இந்த விலைக்கு ஏன் விற்க வேண்டும் என்று விலகிப் போவான். கடைசியில் சந்தையில் எலுமிச்சம்பழம் மட்டும்தான் மிஞ்சும். விற்கிறவர்கள் சும்மா இருந்து இருந்தே, உண்மையான ஆளுக்கு இடமில்லாமல் பண்ணிவிடுகிறார்கள். கேட்கும்போது எனக்குச் சில சபைகள்கூட ஞாபகம் வந்தன. அது வேறு பேச்சு, விடுங்கள்.

கார் கன்சல்டிங்காரரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வாசிக்கச் சுகமாயிருக்கும். நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டோம். பெட்டி அடுக்கும்போது மேலே முழுக்குலை, அடியில் உதிர்ந்ததும் வெடித்ததும் வைக்கிற கை யாருடையது? பால் ஊற்றும் சிஸ்டர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாள் எப்போது முடியும், கோதுமையோடு பதரையும் சேர்த்து விற்கலாமே என்று காத்திருந்தவர்கள், ஆராதனைக்கு வராதவர்கள் அல்ல, உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். வாங்குகிற நாமும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. நீதிமொழிகள் 20:14-இல் வாங்குகிறவன், சரக்கு நல்லாயில்லை, நல்லாயில்லை என்று விலையை அடித்துவிட்டு, வெளியே போய்ப் பெருமை பேசுகிறான். சந்தையில் அந்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

மறுபடி போனபோது கன்சல்டிங் சகோதரர் ஒரு வழி சொன்னார். "பாஸ்டர், உங்க நஷ்டத்த நான் பாக்கச் சகிக்கல. ஒரு பார்ட்டி இருக்கு, உங்க வீட்டுக்கே அனுப்பி விடுறேன். 2,40,000 வரைக்கும் தருவாரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்க பாத்து எடுத்துக்குவாங்க. எனக்குக் கமிஷன்கூட வேணாம்."

கமிட்டியில் பேசினோம். "நாம பொய் சொல்ல வேணாம். கேட்டா சொல்லிருவோம். கேக்கலன்னா விட்டுருவோம்" என்று ஒரு அண்ணன் சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. எந்த வார்த்தை என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லையோ, அதே வார்த்தைக்கு நான் தலையாட்டினேன். அது மட்டுமல்ல. அன்று ராத்திரி முழங்காலில் நின்று, ஆண்டவரே, வருகிறவர் ஒன்றும் கேட்காதபடி செய்யும் என்று ஜெபித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் ஜெபித்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு தம்பி, கூட அவருடைய தாயார். விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற தொழில். இத்தனை நாள் வேறொருவர் ஜீப்பை ஓட்டினாராம், இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டுமாம். தாயாரும் அந்தத் தோட்டத்துக்குத்தான் போகிறவர். தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். டயரை உதைத்துப் பார்த்தார். எஞ்சினைப் போட்டுக் கேட்டார். நான் திண்ணையில் உட்கார்ந்து, அவர் எப்போது கேட்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்கவே இல்லை. தாயார்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாஸ்டரய்யா ஓட்டுன வண்டி. இதுல கேக்கறதுக்கு என்னா இருக்கு?"

என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கடையில் சுவரில் மாட்டியிருந்த வசனத்தைப் பார்த்து நான் எப்படி நம்பினேனோ, அப்படியே இந்த அம்மா என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து நம்புகிறார். அந்த வசனம் தொங்கின இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். வக்கீல் காட்டின குதிரை உதாரணத்தில், நீ மறுக்காவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்வேன் என்று சொன்ன ஆள் இதோ என் திண்ணைக்கு முன்னால் நிற்கிறார்.

யாத்திராகமம் 21-இல் முட்டுகிற மாட்டைப் பற்றி ஒரு கட்டளை உண்டு. நம் ஊர்ப் பக்கம் காளை வளர்க்கிறவர்களுக்கு அது சுலபமாகப் புரியும். மாடு ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டைக் கொல்ல வேண்டும், மாட்டுக்காரன்மேல் பழியில்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்னமே அவனுக்குச் சொல்லப்பட்டிருந்து, அவன் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், பழி அவன்மேலும் வரும். மாடு ஒன்றுதான், சாவு ஒன்றுதான். மாறினது அவனுக்குத் தெரியும் என்பது மட்டும். ஜூனில் நான் குமுளி மலையில் உங்களை ஏற்றிக்கொண்டு இறங்கினபோது ஏதாவது ஆகியிருந்தால் நான் தெரியாதவன். அந்த மெக்கானிக் சுரண்டிக் காட்டின பிறகு நான் தெரிந்தவன். அந்த மாட்டை வேறொருவனுக்கு விற்றுவிட்டால் பழி போய்விடுமா என்று அங்கே எழுதவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றவுமில்லை.

நான் சொல்லிவிட்டேன். அழகாகச் சொல்லவில்லை, தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "தம்பி, இந்த வண்டி வேணாம். முன்னாடி அடிபட்டது. சேஸ்ல வெல்டு இருக்கு. மலைக்கு ஆகாது." தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்புறம் எதுக்குங்கய்யா வரச் சொன்னீங்க? அரை நாள் போச்சே" என்றார். அந்தக் கோபம் நியாயம். தாயார் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல சாட்சியாக இருந்திருக்கும். அன்று மாலையே கமிட்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "உங்க மனசாட்சி சுத்தமாயிருச்சு பாஸ்டர், சந்தோஷம். ஆனா போனது எங்க காணிக்க. கைப்பிடி அரிசி எடுத்து வச்ச காசு. அதக் கொடுத்து உங்க மனசாட்சியக் கழுவ உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. 2 சாமுவேல் 24-இல் தாவீது அர்வனாவிடம் களத்தைச் சும்மா வாங்க மாட்டேன் என்று ஐம்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தானே, அது அவன் கைப்பணம். நான் கொடுத்தது உங்கள் பணம். சொன்னது சரி என்று எனக்கு நிச்சயம் உண்டு. ஆனால் கமிட்டியில் தலையாட்டிவிட்டுத் திண்ணையில் தனியாக மாற்றிக்கொண்டேனே, அது சரியல்ல. முதலிலேயே அந்தக் கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முன்னே, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற போது தடுத்தவனும் நான்தானே.

அதனால்தான் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லார் முன்னாலும் வைத்தேன். இரண்டு மூன்று சகோதரர்கள் பேசினார்கள். ஒருவர், அந்தத் தம்பி அவிசுவாசிதானே என்றார். அப்போதுதான் பின்வரிசையில் நம்முடைய வயதான தாயார் ஒருவர் எழுந்தார். பேர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் ஏலக்காய் எடுத்தவர். "நீங்க எல்லாம் வித்துட்டுக் காசு வருமேன்னு பேசுறீங்க. காலைல நாலு மணிக்கு அந்த வண்டில ஏறப்போறது யாரு? நாங்கதான. எம் மருமக போறா, இந்தா இவ மக போறா. யாரு வண்டின்னு பாத்தா ஏறுவோம்? வந்து நிக்கிற வண்டில ஏறுவோம்" என்றார்.

அன்று வந்திருந்த சகோதரிகளில் பதினொரு பேர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அதுவரைக்கும் நானும் வாங்க வந்த அந்தத் தம்பியையும் தாயாரையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் உட்காரப்போகிறவர்களை நினைக்கவே இல்லை. சட்டத்தில் சொன்ன மகள், வாங்குகிறவளாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

வண்டியை உடைக்கப் போட்டோம். 58,000 ரூபாய் வந்தது. இனி யாரும் ஓட்டாதபடி ஆர்.சி.யை ரத்துபண்ணவும் எழுதிக் கொடுத்தோம். சேதத்தில் என் பங்கு என்று மாதம் ஆயிரம் ரூபாய் கட்டிக்கொண்டு வருகிறேன். சிலர் அது வேண்டாம் என்கிறார்கள், கமிட்டி அண்ணன் கட்டட்டும் என்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தேனியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இருக்கிற நிலையில் வாங்கினேன் என்று கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடாது என்று வக்கீல் சகோதரர் அப்போதே சொன்னார். இப்போது அந்த இரண்டு வருஷமும் போய்விட்டது. பவுல்கூட இராயனுக்கு அபயமிட்டார் என்று அப்போஸ்தலர் 25-இல் இருக்கிறது. எங்கள் பணத்துக்காக அல்லாவிட்டாலும், அந்தக் கடையில் அடுத்து உட்காரப்போகிறவருக்காகவாவது போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அதை அன்பு என்று சொன்னோம். பாதி சோம்பல்தான். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வண்டியை விற்கிறவர்களும் பேர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பேர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு உண்டு.

மூன்று மாதம் கழித்து அந்தத் தம்பி போன் பண்ணினார். வேறு ஊரில் ஒரு வண்டி பார்த்திருக்கிறாராம். "உங்க மெக்கானிக்கக் கொஞ்சம் கூட்டியாற முடியுமாங்கய்யா?" என்றார். நானும் கூடப் போனேன். அந்தக் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னா பாஸ்டர், எம்மேல நம்பிக்க இல்லையா?" என்றார். நான் தம்பியைப் பார்த்தேன், தம்பி என்னைப் பார்த்தார். அதற்குள் மெக்கானிக் தம்பியின் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.